பல வீட்டு அரிசி

சித்தி,

இன்று காலை ஓர் ஓலைப்பெட்டி என் வாசலுக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் காய்ந்த ஓலையின் மணமும் அரிசித் தூசியின் மணமும் சேர்ந்து எழுந்தன. கொண்டுவந்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வதற்கு முன்பே நான் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன. புழுங்கலுக்குள் பச்சரிசி, நடுநடுவே நொய். ஒரே வயலில் விளைந்து ஒரே பானையில் இருந்திருக்க முடியாத அரிசி.

காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு ஒருவர் அரிசி கொண்டுவந்தால் அதை இப்படிக் கையில் பரப்பிச் சோதிப்பது மரியாதை இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "என்னட்டி, மோப்பம் புடிச்சாச்சா?" என்று கேட்டிருப்பீர்கள். பிடித்துவிட்டேன் சித்தி. அது பிடியரிசி.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வரும். நம் சபையார் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அதை வீடு வீடாகச் சேர்த்து, மாதத்தில் ஒரு ஞாயிறு கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். சில சமயம் ஏலம் விடாமல், நோயாளி இருக்கும் வீட்டுக்கு அப்படியே அனுப்புவதும் உண்டு. இன்று நோயாளி வீடு என்னுடையது.

எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறேன். சென்னை வரை போய்ப் பட்டம் வாங்கியிருக்கிறேன். எனக்கா இது என்று பெட்டியை மூடினேன். ஆனால் அதைச் சுமந்து வந்தவர் நம் ஊர் உபதேசியாரம்மா, ஐயர் இல்லாத நாட்களில் சபையை நடத்திய உபதேசியாரின் மனைவி. உபதேசியார் காலமான பிறகு அவர் மகன் வீட்டோடு இந்தப் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டார். வயதான மனுஷி, வெயிலில் நடந்து வந்திருந்தார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன். நீங்களும் நானும் ஒரே வீட்டில் எப்படி இருந்தோம் என்பதை முதலில் எழுதாவிட்டால், அவர் சொன்னதை நான் ஏன் உடனே நம்பவில்லை என்பது விளங்காது.

ஊரில் உங்களைக் கொண்டுபோன அதே காய்ச்சலில்தான் இங்கே நானும் நினைவு தப்பிக் கிடந்தேன். நான் எழுந்து சுவரைப் பிடித்து நின்றபோது உங்களை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள், "கஷ்டப்படாமப் போயிட்டாவ, ஆண்டவரோட கிருபை" என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கிருபை என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று மனத்துக்குள் பார்ப்பது என் வழக்கம். இந்தப் பழக்கத்துக்கு நீங்களும் ஒரு காரணம்.

நீங்கள் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே நான் உங்களை நம்பவில்லை. என்னைப் பெற்றவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சித்தி வாரா, இனிமே ஒன் தட்டப் பாத்துக்க" என்று தெருவில் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன். அப்பா தட்டில் விழுந்த மீன் துண்டு எது, உங்கள் தட்டில் விழுந்தது எது, என் தட்டுக்கு வந்தது எது என்று பார்த்தேன். பாலைக் குடிக்கும் முன் முகர்ந்தேன். வாய் திறக்காத பிள்ளை என்று எல்லாரும் என்னைப் பற்றிச் சொன்னார்கள். என் கண் ஓயாமல் அலைவதை நீங்கள் ஒருவர்தான் கவனித்தீர்கள்.

ஒருநாள் கரண்டியை என் கையில் கொடுத்தீர்கள்.

"இந்தா, இனிமே நீயே பங்கு வையி. நான் அங்கன இருந்து பாக்கேன்."

நான் மூன்று பங்கும் சமமாக வைத்தேன். என் பங்கை நானே கூட்டிக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்துதான் கரண்டியைத் தந்தீர்கள் என்று அதையும் சந்தேகித்தேன்.

பிடியரிசி சேர்க்கும் வேலையை உபதேசியாரம்மா உங்களிடம் கொடுத்தார். யார் கலயத்தில் எவ்வளவு இருந்தது என்று வெளியே சொல்லாத ஆள் வேண்டும் என்றார். சனிக்கிழமை பிற்பகல்களில் நீங்கள் முன்னே நடப்பீர்கள். நான் தலையில் ஓலைப்பெட்டியோடு பின்னே வருவேன். வாழைத்தோட்டக்காரர் வீட்டு அரிசி மெலிந்து வெள்ளையாக இருக்கும். மடைக்காவல் பார்க்கிறவர் வீட்டில் சிவப்பு. கொத்தனார் வீட்டில் எப்போதும் நொய்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டாலும் எந்த வீட்டு அரிசி என்று எனக்குத் தெரியும்.

கொத்தனார் மனைவி ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உலையே வைக்கல, என்னத்தப் போட?" என்றார்.

"கலயத்தக் கவுத்துக் காட்டுங்கக்கா. அதுவும் காணிக்கதான்."

அவர் வெறும் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நீங்கள் என் தலையிலிருந்த பெட்டியை இறக்கி அதன் கீழே பிடித்தீர்கள். ஏதோ விழுந்ததுபோல மூடியை மூடினீர்கள். அந்த வீட்டைத் தாண்டியதும் சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கோடை வந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வாய்க்கால் வறண்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். தெருவில் வாந்திபேதி நுழைந்தது. அப்பா விழுந்தார். மறுநாள் தம்பி. நீங்கள் பெற்ற பிள்ளை, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தவன். அப்பா பிழைத்தார், தம்பி பிழைக்கவில்லை. அப்பா கண் திறப்பதற்குள் அவனை எடுத்துப்போய்விட்டார்கள்.

நான்கு பெண்கள் துணிந்து வந்து வாசலில் தள்ளி நின்று ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், "வீட்டுக்காரர மிச்சம் வச்சாருல்லா, அது கிருபை தாயி" என்றார்.

"அப்பம் பிள்ளைய எடுத்தது என்னது?" என்று கேட்டீர்கள்.

கிருபை என்று சொன்னவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. அவரு செஞ்சதுக்கெல்லாம் நீங்க பேரு வைக்காதிய."

கோயிலை விட்டே நின்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை, இருந்த கொஞ்சம் அரிசியில் உலை வைக்கும் முன், ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டீர்கள். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பழக்கத்தில் கை போயிற்றா, பயத்தில் போயிற்றா, அல்லது நான் பார்க்கிறேன் என்று செய்தீர்களா? அழுதுகொண்டே செய்திருந்தால் நம்பியிருப்பேன். உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை.

பேதி வந்த வீடு என்று நம்மை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. நீங்கள் கிணற்றுப் பாசன வயலுக்குக் களையெடுக்கப் போய் வரப்பில் நின்றபோது, வயலில் இறங்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சபையில் ஏழைகளுக்கு உதவி உண்டு. ஆனால் பஞ்சாயத்தார் முன் நின்று கேட்க வேண்டும். அப்பா படுத்தபடியே சொன்னார்: "கை நீட்டித் திங்கதுக்கு என்னையும் பேதி கொண்டுபோயிருக்கலாம். அங்கன போயி நின்னே, பெறகு இங்கன வராத."

நீங்கள் போகவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தது. ஆனால் மூலையில் பெரிய பானை ஒன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. பேதிக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றி நாம் சேர்த்த பிடியரிசி. நம் வீட்டுக்குள் வரப் பயந்து யாரும் அதை எடுத்துப்போக வரவில்லை.

இரண்டு வேளை ஒன்றும் இல்லாமல் கழிந்தது. மூன்றாம் வேளை என் முன் கஞ்சி வைத்தீர்கள். பருக்கைகள் ஒன்றுபோல் வெந்திருக்கவில்லை. பச்சரிசி குழைந்து கரைந்திருந்தது. சிவப்பரிசி பல்லில் கடிபட்டது. நொய் அடியில் தங்கியிருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"இது எங்க வாங்கின அரிசி?"

"சாப்புடு."

"கலந்திருக்கு."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் கலந்துதான் கெடக்கும். சாப்புடுட்டி."

சாப்பிட்டேன். பசித்தது. ஆனால் ஒவ்வொரு வாயிலும் எந்த வீட்டு அரிசி என்று தெரிந்தது. கொத்தனார் வீட்டு நொய்யை மட்டும் மெல்லாமல் விழுங்கினேன். அன்றிலிருந்து பானையின் மட்டம் இறங்குவதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சித்தி, இதை எழுதத்தான் இந்த மடலைத் தொடங்கினேனோ என்னவோ. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பயமெல்லாம் அடங்கிய பிறகு பானையைக் கோயிலில் சேர்க்கச் சொல்லி ஆள் வந்தது. நீங்கள் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். இருந்த அரிசியை ஓலைப்பெட்டியில் கொட்டி நான்தான் தலையில் சுமந்துபோனேன். உபதேசியாரம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வழியில எங்கயும் எறக்கி வச்சியா பிள்ள?"

"இல்ல."

"யாருக்கும் குடுத்தியா?"

"இல்ல."

"பானை கழுத்து மட்டும் இருந்துச்சே, நான் கண்ணால பாத்தேனே."

நான் தரையைப் பார்த்தேன். கூச்சம் எனக்கு எப்போதும் இப்படித்தான். கேள்வி கேட்டால் குற்றவாளிபோல நிற்பேன். உங்களைப் பற்றித் துருவுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். என் முகத்திலிருந்தே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. உபதேசியார் நற்சாட்சி எழுதித் தர வேண்டும். நம் தெருவில் ஒரு பெண்பிள்ளை அதுவரை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாளிலிருந்து உபதேசியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உங்கள் களவால் என் படிப்பு போயிற்று என்று உள்ளுக்குள் எரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். குருவானவரை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆராதனை முடிந்த பிறகும் பஞ்சாயத்தார் எழுந்து போகவில்லை. உங்களைக் கூப்பிட்டார்கள். நான் பெண்கள் பக்கத்துத் தூணருகே நின்றேன்.

"காணிக்கை அரிசி குறைந்திருக்கிறதே, என்னம்மா நடந்தது?" என்றார் ஐயர்.

"நான் எடுத்தேன் ஐயரே. கஞ்சி வச்சோம்."

பஞ்சாயத்தில் இருந்த தச்சர், "எடுத்தேன்னு சொல்லாத. களவாண்டேன்னு சொல்லு" என்றார்.

"களவாண்டா ஒளிச்சுல்லா எடுக்கணும்? நான் ஜெபம் பண்ணிட்டு எடுத்தேன் அண்ணாச்சி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஜெபத்துக்கு என்னவே பதில் வந்துச்சாம்?" என்று ஒரு குரல்.

"ஒண்ணும் வரல. எடுன்னும் சொல்லல, எடுக்காதன்னும் சொல்லல. ரெண்டு வேள காத்திருந்து பாத்தேன். பெறகு பிள்ள மொகத்தப் பாத்தேன், எடுத்தேன்."

ஐயர் சிரிக்கவில்லை. "பஞ்சாயத்தில் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்."

அப்பா தடுத்ததை நீங்கள் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

"ஒவ்வொருவரும் இப்படி ஜெபம் பண்ணிவிட்டு எடுத்தால் பானையில் என்ன மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாது. நீங்க சொல்லுதது சரிதான். என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன்."

அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள் என்று உங்கள் குரலில் தெரிந்தது. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் உபதேசியார் குறுக்கிட்டு, "பெட்டிய இந்தப் பிள்ளதான கொண்டுவந்துச்சு. அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றீர்கள். "அதுக்கு ஒண்ணும் தெரியாது. கடையில வாங்கின அரிசின்னு சொல்லித்தான் போட்டேன்."

அது பொய். கோயிலுக்குள், பலிபீடத்துக்கு முன்னால், ஐயரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். சொல்லிவிட்டு ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வையை நான் பதினைந்து வருஷமாகப் படித்துப் பார்த்தேன். 'நீதான் காட்டிக்கொடுத்தாய்' என்று இருந்ததா? 'வாயைத் திறந்தால் பார்' என்று இருந்ததா? எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட ஒருத்தி, ஒரு இடத்தில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்த ஒன்று பொய் என்றால் மற்றதெல்லாம் உண்மை என்று நான் எப்படி நம்புவது? ஜெபம் பண்ணினேன் என்றதும் பொய்யாக இருக்கலாமே?

மத்தியானம் வீட்டில் அப்பா தட்டைத் தள்ளிவைத்தார்.

"சபை அரிசியவா எனக்குப் போட்டே?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னாத் தின்னிருக்க மாட்டிய."

"திங்காமச் செத்திருப்பேன்."

"அதான் சொல்லல."

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நீங்கள் தட்டை எடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பைய, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னீர்கள்: "உசுரு மட்டும் ஒழச்சு வாங்கினதா? அது சும்மா வந்ததுதான. அத வச்சுக்கிட்டு அரிசிய மட்டும் வேண்டாம்னா எப்படி? சும்மா வாரத வாங்கிக்கிடவும் ஒரு மனசு வேணும்."

நெடுநேரம் கழித்து அப்பா எழுந்து சாப்பிட்டார். அவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். படுத்திருந்த நாட்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டே கஞ்சி குடித்தார்.

அடுத்த பண்டிகை வரை ஆராதனையில் உங்களுக்கு நற்கருணை அப்பம் இல்லை என்று தீர்ப்பு. அரிசி சேர்க்கும் வேலையும் வேறொருவருக்குப் போயிற்று. மற்ற பெண்கள் முன்னே போய் முழந்தாளிட்டபோது நீங்கள் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது உங்கள் கைகளைப் பார்த்தேன். அப்பம் வாங்குகிறவர்கள் வைப்பதுபோல, ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்றை விரித்து மடியில் வைத்திருந்தீர்கள். ஒன்றும் வராது என்று தெரிந்தும் விரித்திருந்தீர்கள். நடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் கடைசிப் பாயில் உங்களைப் பார்க்க என்னைத் தவிர யாரும் இல்லை. நான் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது.

அந்த வாரமே உபதேசியார் நற்சாட்சி எழுதினார். நான் பாளையங்கோட்டைக்குப் போனேன். என் மதிப்பெண்ணுக்காக எழுதினார் என்றுதான் நம்பினேன்.

பிறகு வந்த விடுமுறைகளெல்லாம் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நான் வருவேன்; நீங்கள் சோறு வைப்பீர்கள். நான் பருக்கையைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். 'அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை சித்தி' என்பது எத்தனையோ முறை வாய்வரை வந்தது. நீங்கள் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. நான் காட்டிக்கொடுத்ததாக நினைத்து, பெருந்தன்மையாக மன்னித்துவிட்டதுபோல நடந்துகொள்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்குவது எவ்வளவு எரிச்சல்! அப்பா போன பிறகு என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். "எனக்கு வாய்க்கால் சத்தம் கேக்கணும்" என்றீர்கள். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபோது கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். பாராட்ட வந்தவர்கள், "சும்மாவா, கண்ணு முழிச்சுப் படிச்சிருக்கா" என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் அடுப்படியில் இருந்தபடி, "எல்லாம் கிருபை" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "கிருபையா போயிப் பரீட்சை எழுதிச்சு?"

நீங்கள் சத்தமாகச் சிரித்துவிட்டீர்கள். "இல்லட்டி, நீதான் எழுதினே" என்று சொல்லி அடுப்பை ஊதப் போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அன்றும் யோசித்தேன்.

இனி, இன்று காலை உபதேசியாரம்மா சொன்னது.

தண்ணீர் குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர், "தாயி, ஒரு காரியம் என் நெஞ்சுல கெடக்கு" என்றார். "அன்னைக்கு அரிசி கொறஞ்சுச்சுல்லா, நான் சந்தேகப்பட்டது ஒஞ் சித்திய இல்ல. ஒன்னத்தான்."

"என்னையா?"

"பெட்டி ஒந் தலையிலதான வந்துச்சு? கேட்டா நீ தரையப் பாத்துக்கிட்டு நின்னே. வழியில யாருக்கோ வித்துட்டேன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் இவிய கிட்டயும் சொல்லிட்டேன். கை சுத்தமில்லாத பிள்ளைக்கு எப்படி நற்சாட்சி எழுதன்னு இவிய எழுதாம வச்சிட்டாவ."

இத்தனை வருஷமும் எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டிருந்த எனக்கு, சந்தேகம் என் பக்கமே நின்றிருந்தது தெரியவில்லை.

"ஒஞ் சித்திக்கு எப்படியோ காதுல விழுந்துச்சு. எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. யாரும் அவளக் கேக்கல, யாரும் காட்டிக்குடுக்கல. அவளே வந்து, நான்தாங்க்கா எடுத்தேன், பிள்ள மேல ஒண்ணும் இல்லன்னா. இவிய, இது சபைக் காரியம், ஐயர் முன்னாலதான் சொல்லணும்னாவ. வந்து சொன்னா."

"இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சித்தி பொய் சொன்னார்களே?"

"தெரியும்னா நீயும் கூட்டுன்னு ஆயிருக்குமே பிள்ள."

அப்படியானால் அந்தப் பார்வை? அதை உபதேசியாரம்மாவிடம் கேட்க முடியாது. நானே வைத்துப் பார்க்கிறேன். 'சும்மா இரு' என்று மட்டும்தான் இருந்திருக்கும். பசித்த பிள்ளையிடம் 'சாப்பிடு' என்று சொன்ன அதே கண்டிப்பு.

"என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"நானும் கேட்டேன். தெரிஞ்சா அது திருப்பிச் செய்யப் பாக்கும்க்கா, காலம் பூரா எம் பின்னால வேலக்காரி மாதிரி சுத்தும், அது நமக்கு வேண்டாம்னா. என்னச் சந்தேகப்பட்டுக்கிட்டே கெடக்கட்டும், அதுபாட்டுக்குச் சாப்புடட்டும், படிக்கட்டும்னா. நான் இருக்க மட்டும் சொல்லாதியன்னு கேட்டுக்கிட்டா. இப்பம் அவ இல்ல. அதான் வந்தேன்."

அவர் போனபிறகு என் பழைய புத்தி வேலை செய்தது. தாயில்லாமல் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த அம்மாள் இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் தன் மேல் பழி வரும் கதையை யார் இட்டுக்கட்டுவார்கள்? உபதேசியார் எழுதாமல் நிறுத்தி வைத்ததும், உங்கள் தீர்ப்பு வந்த வாரமே எழுதித் தந்ததும் நான் கண்ணால் பார்த்தவை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே இன்னொரு முறை சோதிக்கத் தோன்றுகிறது. கிருபையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒரு வெளிச்சம்போலச் சொல்வார்கள். என் வீட்டில் அது நான் சந்தேகத்தோடு மென்ற கஞ்சியாக இருந்திருக்கிறது. சாட்சி கேட்டு, விசாரித்து, தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். அது என் தீர்ப்புக்குக் காத்திராமல் எனக்குள்ளே போய், எலும்பாகவும் படிப்பாகவும் ஆகிவிட்டது.

தம்பியை எடுத்தது என்னது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்றும் பதில் தெரியாது. தெரியாது என்றே வைத்திருக்கிறேன். உங்களைக் கொண்டுபோனதற்கும் பேர் வைக்க மாட்டேன்.

ஓலைப்பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. மத்தியானம் அடுப்பு மூட்டினேன். உலை கொதித்ததும் வழக்கப்படி ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்தேன். எடுத்த கை கலயத்துக்குப் போகாமல் நின்றது. நான் கொடுத்துக் கொடுத்தே பழகியவள். கொடுக்கிற கையில் ஒரு கௌரவம் இருந்தது. அந்தப் பிடியையும் சேர்த்து எனக்கென்றே உலையில் போட்டேன். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போட்டேன் சித்தி. எனக்கும் பதில் ஒன்றும் வரவில்லை.

கஞ்சி அதேபோல்தான் வந்தது. பச்சரிசி குழைந்து, சிவப்பரிசி பல்லில் கடிபட்டு, நொய் அடியில் தங்கி. எந்தெந்த வீட்டு அரிசி என்று இந்த ஊரில் எனக்குத் தெரியாது. முதல் வாய்க்கு முன் கைகளைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்திருந்தன. நான் வைத்ததாக நினைவில்லை. பிறகு, உங்களிடம் மறைப்பானேன், பருக்கை பருக்கையாகப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.